கொச்சிக்காயரும் கதவுச் சாமியும்

பரலோகத்தில் இருக்கிற புனிதர்களை ஒரு நாளாவது நிம்மதியாக இருக்க விடாத மனிதர் இந்த உலகத்தில் ஒரேயொருவர்தான் இருந்தார். அவர் வாவிக் கரையில் எங்கள் ஊர் வேதக்கோயிலில் கதவு திறந்து, மணி அடித்து, மெழுகுதிரி கொளுத்தி வந்த கொச்சிக்காயர். அவருடைய ஞானஸ்நானப் பெயர் எனக்குத் தெரியாது. பங்குச் சுவாமிக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அவரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பச்சை மிளகாயை, எங்கள் பேச்சில் கொச்சிக்காயை, தெரியாமல் கடித்தவருடைய முகம் எப்படி இருக்குமோ, அந்த முகத்தோடுதான் அவர் நித்திரையும் கொள்வார்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், பிள்ளைகளே, எனக்குக் கோபம் வந்திருக்கிறது. போன கிழமை சின்னவள் பள்ளிக்கூடத்திலிருந்து புனிதர்களின் சரித்திரம் என்று ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். பளபளப்பான தாள், கலர்ப் படங்கள். அதில் எல்லாப் புனிதர்களும் இப்போதுதான் முகம் கழுவிப் பவுடர் போட்டவர்கள் மாதிரி நிற்கிறார்கள். கதவு காத்த ஒரு புனிதருக்கும் அதில் ஒரு பக்கம் கொடுத்திருக்கிறார்கள். அவர் சாந்தமானவராம், யாரோடும் சத்தம் போடாதவராம், ஆகவே பிள்ளைகளும் சத்தம் போடாமல் இருக்கவேண்டுமாம். ஒரு மனிதனுடைய சீவியத்தை வாசித்துவிட்டு இதைத்தானா கண்டுபிடித்தார்கள்?

அந்தப் புனிதர் யார் என்று உங்களுக்குத் தெரியும். நம் வீட்டு முன்கதவுக்குப் பின்னால் மூக்கு உடைந்து நிற்கிறாரே, நீட்டிய கையில் நீங்கள் குடையைக் கொழுவுகிறீர்களே, அவரேதான். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். வேதக்காரனும் இல்லை, நம்முடைய கோயில் பிள்ளையார் கோயில்தான். ஆனாலும் அவருடைய சபைப் புனிதர்களின் சரித்திரத்தை நான் கொச்சிக்காயர் வாயால் கேட்டவன். நம் முன்கதவு ஏன் பள்ளிக்கூட நீலத்தில் இருக்கிறது, ஏன் அதற்குப் பூட்டே இல்லை என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

எங்கள் ஊர் வேதக்கோயிலைக் கட்டியவர்கள் கடல் கடந்து வந்த ஒரு மிசன் சபைச் சுவாமிமார். கட்டிவிட்டுத் தங்கள் சபையிலிருந்தே மூன்று புனிதர்களைக் கப்பலில் இறக்கிப் பீடத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போனார்கள். மூன்றும் ஒரே உயரச் சுரூபங்கள், பத்து வயதுப் பிள்ளையின் உயரம் இருக்கும். கொச்சிக்காயர் அவர்களின் பெயரைச் சொல்லமாட்டார். காலுடைஞ்சான், நண்டுச்சாமி, கதவுச்சாமி. அவ்வளவுதான் மரியாதை.

அப்போது நான் சந்திச் சைக்கிள் கடையில் வேலை செய்தேன். எங்கள் வளவும் கோயில் வளவும் ஒரு வேலிதான். காலையில் அவர் சுரூபங்களுக்குத் தூசி தட்டுவது எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்கும். தூசி தட்டுகிற சத்தம் கொஞ்சம்தான், ஏச்சுத்தான் அதிகம்.

“நீ கடல்ல விட்ட குருச நண்டு தூக்கிக்கொண்டு வந்து கரையில வெச்சு உன்ட கையில தந்திச்சாம். நம்பிறன். இந்த வாவியிலயும் நண்டு கிடக்குத்தானே? என்ட வல ஆத்தோட போய் ஒரு மாசமாகிது. ஒரு நண்டு ஒரு நூலக் கொண்டு வந்திச்சா? வெள்ளக்காரனுக்கு எண்டாத்தான் நண்டும் வேல செய்யுமா?”

இது நண்டுச்சாமிக்கு, குருசு என்றது அவருடைய சிலுவையை. அவர் கப்பலேறிக் கீழ்த்திசைக்கு வந்து, ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்து போனவர். அந்தச் சோர்ந்த கையைத்தான் கொச்சிக்காயர் துணியால் பட்டுப்பட்டென்று தட்டுவார்.

காலுடைஞ்சான் ஆதியில் படைவீரர். பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்தது. பொருத்திய எலும்பு கோணலாகிப் போக, இனிச் சப்பாத்துப் போட்டால் வடிவாக இராது என்று மறுபடியும் அறுத்துச் சரிபண்ணச் சொன்னவர். படுக்கையில் கிடந்து சண்டைக் கதைப் புத்தகம் கேட்டார். வீட்டில் இருந்தது புனிதர்களின் சரித்திரம்தான். வேறு வழியில்லாமல் அதை வாசித்து, வாளைத் தேவமாதாவின் காலடியில் வைத்துவிட்டுச் சபையைத் தொடங்கினார்.

“சப்பாத்து வடிவுக்காகக் கால அறுத்தவன் நீ,” என்பார் கொச்சிக்காயர். “அந்த வீட்டில வேற புத்தகம் இரிந்திருந்தா இண்டைக்கும் ஆமியிலதான் நிண்டிருப்பா. பெரிய கத கதைக்காத.”

மூன்று பேரிலும் ஏச்சு கூடுதலாக விழுந்தது கதவுச்சாமிக்கு. அவர் கம்பளி விற்ற குடும்பக்காரர். பெண்சாதி செத்தாள், பிள்ளைகளும் ஒவ்வொன்றாகச் செத்தார்கள். வியாபாரமும் நொடித்தது. குருவாகப் படிக்கப் போனால் படிப்பு ஏறவில்லை. கடைசியில் சபைக்காரர் இரக்கப்பட்டு, ஒரு தீவில் இருந்த தங்கள் கல்லூரியில் வாசற்கதவைத் திறக்கிற வேலையைக் கொடுத்தார்கள். ஆயுள் முழுதும் அதையே செய்தார். யார் தட்டினாலும் “வாறன் ஆண்டவரே” என்று சொல்லிக்கொண்டுதான் ஓடிப் போய்த் திறப்பாராம், வாசலில் நிற்பது ஆண்டவர்தான் என்று நினைத்து.

“பெண்சாதியும் போய், புள்ளைகளும் போய், மறுகாவும் வாறன் ஆண்டவரே எண்டா? உனக்கு ரோசம் இல்லையா?” என்று அவருக்கு முன்னால் நின்று கேட்பார். “நான் எண்டா கதவ அடிச்சுச் சாத்தியிரிப்பன்.”

கொச்சிக்காயருக்கும் ஒரு காலத்தில் பெண்சாதியும் ஒரு பெண்பிள்ளையும் இருந்தார்கள். சூறாவளி அடித்த வருசத்தில் வீடு விழுந்து இரண்டு பேரும் போனார்கள். அதை அவர் யாரிடமும் சொல்லமாட்டார், நாங்களும் கேட்கமாட்டோம்.

அவர் கதவை அடித்துச் சாத்துகிறவரா என்பதை ஊர் நன்றாக அறியும். வாவிக்கு அக்கரையிலிருந்து ஷெல் அடிக்கத் தொடங்கினால், சைவக்காரர் வேதக்காரர் எல்லாரும் ஓடுவது வேதக்கோயிலுக்குத்தான். சுவர் அவ்வளவு தடிப்பு. கதவில் ஒரு தட்டு விழுந்தால் போதும், உள்ளே அவர் குரல் கிளம்பும்.

“வாறன், வாறன். உடைச்சுப் போடாதங்க. கொப்பன் சீதனமாத் தந்த கதவா?”

திறந்துவிட்டுக் குறுக்கே கையை நீட்டுவார். “காலக் கழுவிற்று வாங்க.”

“மாமா, ஷெல் வருகுது.” இது யோகனின் தாய், உங்கள் அம்மம்மா, இடுப்பில் பாயும் கையில் பானையுமாக.

“ஷெல் வந்தா நீ செத்துப் போவா. சேறு வந்தா நான்தானே கழுவ வேணும். நீட்டு கால.”

நீட்டினால் அவரே குந்தியிருந்து வாளித் தண்ணீரை அள்ளி ஊற்றுவார். ஒவ்வொருவருக்கும் ஊற்றுவார், ஒவ்வொருவரையும் ஏசுவார். “இது காலா, வட்டையில உழுத கலப்பையா?” பயத்தில் விறைத்துப் போய் வந்த சனம் உள்ளே போகும்போது சிரித்துக்கொண்டுதான் போகும். அடுத்த நாள் அதே சனம் சந்தியில் நின்று அவரை அரைக்கிறுக்கு என்று சொல்லும். எனக்கு இன்றைக்கும் பத்திக்கொண்டு வருகிறது. அந்த அரைக்கிறுக்குத் திறந்த கதவால்தானே எல்லாரும் உள்ளே போனீர்கள்?

இப்போது யோகன். உங்கள் அம்மாவின் தம்பி. நீங்கள் படத்தில் மட்டும் கண்ட உங்கள் மாமா. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வாவியில் இறாலுக்கு வலை வீசப் போன, ஊதினால் பறந்துவிடுகிற மெலிந்த பொடியன். அவனுக்கு வேதக்கோயில் மணிக்கயிற்றில் ஒரு பைத்தியம். சந்தர்ப்பம் பார்த்து ஓடிப் போய்ப் பிடித்துத் தொங்குவான். கொச்சிக்காயர் விளக்குமாற்றோடு துரத்துவார்.

“எலேய், பிள்ளையார் கோயில் மணி தேஞ்சு போச்சா? அங்க போய்த் தொங்கு.”

“அது சின்ன மணி மாமா. இதுதான் மட்டக்களப்பு டவுன் வரைக்கும் கேக்கும்.”

துரத்தினாரே ஒழிய, அந்தக் கயிற்றின் நுனியில் உள்ளங்கை உரஞ்சாமல் இருக்கச் சீலை சுற்றிக் கட்டி வைத்ததும் அவர்தான்.

தபசுகாலம் முடிகிற நேரம், பெரிய கிழமைக்கு முந்தின கிழமை. அந்த நாட்களில் வேதக்கோயில்களில் சுரூபங்களை ஊதாச் சீலையால் தலைமுதல் கால்வரை மூடிக் கட்டிவிடுவார்கள். உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின நாளான பெரிய சனி வரும்வரைக்கும் அவிழ்க்கக்கூடாது. கொச்சிக்காயர் அந்த வருசமும் மூன்று பேரையும் ஏசி ஏசிக் கட்டிவிட்டார். இரண்டாம் நாள் விடியற்காலையில் ஊரை ஆமி சுற்றிவளைத்தது. எல்லாரையும் சந்திக்குக் கூப்பிட்டு வெயிலில் இருத்தி, கடைசியில் ஐந்து பேரை எழுப்பிக்கொண்டு போனார்கள். நான், யோகன், வேதக்கோயிலில் பாடுகிற இரண்டு பொடியன்கள், சிங்களம் தெரிந்த ஒரு மீன்காரர். நாங்கள் என்ன செய்தோம் என்று யாரும் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

எங்களை அடைத்தது நாங்கள் படித்த பள்ளிக்கூடத்திலேயே. அதை அப்போது காம்ப் ஆக்கியிருந்தார்கள். நான் எட்டாம் வகுப்புப் படித்த அறை, எனக்குக் கணக்கு வராத அதே அறை. யன்னல் வழியாக வாசற்படலை தெரியும். பின்னேரம் ஒரு டிரக் வந்து எங்களைப் பெரிய காம்புக்கு ஏற்றிப் போகும் என்று காவலுக்கு நின்றவன் மீன்காரரிடம் சொன்னான். அந்தப் பெரிய காம்புக்குப் போனவர்களின் தாய்மார் அங்கே வாசலில் காத்துக்கொண்டு நிற்பதை நாங்கள் எல்லாரும் பஸ்ஸில் போகும்போது கண்டிருக்கிறோம். டிரக் வருவதற்குள் வெளியே போகவேண்டும், அல்லது போகவே முடியாது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

டிரக் வந்து முற்றத்தில் திரும்பிப் படலையைப் பார்த்து நின்றுவிட்டது. அந்த நேரம்தான் கொச்சிக்காயர் வந்தார்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பின் கரியரில், கயிறு போட்டு நிமிர்த்திக் கட்டியபடி, ஊதாச் சீலையில் மூடிய ஓர் உருவம். பிள்ளைகளே, அந்தக் காலத்தில் ஒரு காம்ப் வாசலுக்கு மூடிக் கட்டிய ஒரு சாமானைக் கொண்டுபோவது என்றால் என்னவென்று உங்களுக்கு விளங்காது. காவலுக்கு நின்றவர்கள் நிலத்தில் விழுந்து படுத்துத் துவக்கை நீட்டிவிட்டார்கள். கொச்சிக்காயர் அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. உருவத்தை அவிழ்த்து இறக்கிப் படலைக்கு நேரே நடுறோட்டில் நிறுத்திவிட்டு அதோடு கதைக்கத் தொடங்கினார்.

“நீ செத்த நாளிலயிரிந்து உனக்கு மெழுகுதிரி கொளுத்திறம். உன்ட வேல என்ன? கதவு தொறக்கிறது. இந்தா கதவு. தொற. தொறக்காம நீ கோயிலுக்கு வரத் தேவல்ல.”

படுத்துக் கிடந்தவர்களில் ஒரு பொடியன் சிரித்துவிட்டான். மேற்குக் கரையில் மீன்பிடிக்கிற வேதக்காரர் பக்கத்துச் சிங்களப் பொடியன் அவன், வீட்டில் தமிழும் கதைக்கிறவன் என்று பிறகு தெரிந்தது. எழும்பி வந்தான்.

“மாமா, உள்ளுக்கு என்ன?”

“கதவுச்சாமி.”

“எங்கட அம்மாவும் இப்பிடித்தான். நான் வீட்டுக்கு வரும்வரைக்கும் சாமிய சுவர்ப் பக்கம் திருப்பி வெச்சிருக்கிறா.”

“நல்ல பொம்பள,” என்றார் கொச்சிக்காயர்.

அதற்குள் ஒபீசர் இறங்கி வந்துவிட்டார். சீலையை அவிழ் என்றார். பொடியன் அதைத் தமிழில் சொன்னான்.

“ஏலாது. பெரிய சனிக்கு முன்னம் அவிழ்க்க ஏலாது. இவனுக்குத் துவக்கு இரிக்கெண்டு நாள மாத்தலாமா? இவன்ட கொப்பன் வந்தாலும் ஏலாது எண்டு சொல்லு.”

பொடியன் திரும்பிச் சிங்களத்தில் இரண்டே சொல் சொன்னான். யன்னலில் எங்களோடு நின்ற மீன்காரர் அதைக் காதோடு சொன்னார்: “பெருநாள் வரைக்கும் பொறுக்கச் சொல்லிக் கேட்கிறாராம்.”

ஒபீசர் பொறுக்கவில்லை. ஒருவன் எட்ட நின்று துவக்கு முனைக் கத்தியால் கயிற்றை அறுத்துச் சீலையை இழுத்தான். சீலை விழுந்தது. உள்ளே நின்றவருக்கு இரும்புச் சட்டை, காலடியில் வாள்.

கதவுச்சாமி இல்லை. காலுடைஞ்சான்.

கொச்சிக்காயர் வாயைத் திறந்தபடி நின்றார். நடந்தது என்னவென்றால், வலைக் கோபம் தீராமல் அந்தக் கிழமை நண்டுச்சாமியைத் தண்டனையாக மூலைக்கு அனுப்பியிருந்தார். அதனால் மற்ற இருவரும் இடம் மாறி நின்றார்கள். தான் போட்ட தண்டனையை அவசரத்தில் தானே மறந்து, கதவுச்சாமியின் வழக்கமான இடத்தில் நின்றவரைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“நீயா?” என்றார். “உன்ன ஆரு கூப்பிட்ட? ஆமிக் காம்ப் எண்டோன பழைய ஞாபகம் வந்திற்றா? அங்க கதவுக்காரன் சும்மா நிக்கிறான், நீ ஏறிக்கொண்டு வந்திரிக்காய்.”

இது யார் என்று ஒபீசர் கேட்டார். கொச்சிக்காயர் அவர் பக்கம் திரும்பினார். அன்றைக்குச் சொன்னதுதான் நான் கேட்ட புனிதர் சரித்திரங்களிலேயே சிறந்தது.

“இவனும் உன்னப் போலத்தான். துவக்கும் தொப்பியும் பெருமையும். மத்தவன்ட ஊருக்குள்ள நிண்டு சண்ட பிடிச்சான். குண்டு பட்டுக் கட்டில்ல கிடந்த மட்டும் புத்தி வரல்ல. கிடந்து யோசிச்சாப் பொறகுதான் வாளக் கழட்டி வெச்சான். உனக்குக் காலும் நல்லாரிக்கு, யோசிக்க நேரமும் இல்ல. இந்தப் புள்ளைகள அடைச்சு வெச்சு உனக்கு என்ன புனிதப் பட்டம் தரப் போறாங்களா?”

பொடியன் நிதானமாகச் சிங்களத்தில் சொன்னான். மீன்காரர் எங்களுக்குச் சொன்னார்: “இந்தச் சாமி முந்திப் படைவீரராம். நல்ல மனுசனாம். படைவீரருக்கு உதவி செய்வாராம்.”

ஒபீசர் தலையை ஆட்டினார். சரி, வெடிகுண்டு இல்லை, எடுத்துக்கொண்டு போ, டிரக் வெளிக்கிட வேண்டும் என்றார்.

கொச்சிக்காயர் நடுறோட்டில் சுரூபத்துக்குப் பக்கத்தில் குந்திவிட்டார்.

“எடுக்க ஏலாது. மூடியிரிக்கக்குள்ள அவர் சாமான். சைக்கிள்ல கட்டலாம், தோணியில போடலாம். அவிழ்த்தாப் பொறகு அவர் சாமி. சாமி சைக்கிள்ல போறல்ல. நாலு தோள் வேணும். அவிழ்த்தது ஆரு? நானா?”

இது அவர் அந்த இடத்தில் கட்டிய கதை இல்லை. எங்கள் பக்கத்து வழக்கமே அதுதான். சீலை நீங்கிய சுரூபம் வீதிக்கு வந்தால் நாலு பேர் தோளில்தான் போகும். ஒபீசர் ஆமிக்காரர் நாலு பேரிடம் சுரூபத்தைத் தூக்கி ஓரமாக வைக்கச் சொன்னார். பொடியன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரடி பின்னால் போனான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு பின்னால் போனார்கள். தபசுகாலத்தில் சீலை உரிந்து நிற்கிற சாமியைத் தொட அவர்களில் யாருக்கும் மனம் வரவில்லை. இதற்கிடையில் ஊர்ப் பெண்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். வேதக்காரப் பெண்கள் முழந்தாளில் இருந்து செபம் சொல்ல, யோகனின் தாயும் எங்கள் அம்மாவும் தங்களுக்குத் தெரிந்த பிள்ளையாரைக் கூப்பிட்டார்கள். டிரக் இரைந்துகொண்டு நின்றது. படலைக்கு நேரே காலுடைஞ்சான் வாளைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

“உன் ஊரில் தூக்க ஆட்கள் இல்லையா?” என்று ஒபீசர் கேட்டதைப் பொடியன் தமிழாக்கினான்.

“இரிந்தாங்க. விடியக்காலம இவர்தானே கொண்டு போன. இனி ஊரில இரிக்கிறது கிழடுகளும் பொம்பளைகளும்தான்.”

இந்த முறை பொடியன் ஒன்றையும் மாற்றாமல் சொன்னான்.

ஒபீசர் இரைந்துகொண்டு நின்ற டிரக்கைத் திரும்பிப் பார்த்தார். களைத்துப் போன மனிதர் மாதிரி இருந்தார். பிறகு கையைக் காட்டினார். எங்கள் அறை திறந்தது. ஐந்து பேரும் வெளியே வந்தோம்.

“நாலு,” என்று ஒபீசர் சொன்னார். யோகனின் மெலிந்த தோளைப் பார்த்தார், இவன் தூக்கமாட்டான் என்றார். அவனை உள்ளே போகச் சொன்னார்.

“அவன் தூக்கிறதுக்கு இல்ல,” என்று கொச்சிக்காயர் குந்தியிருந்த இடத்திலிருந்து பாய்ந்து எழும்பினார். “அவன் மணியடிக்கிறவன். சாமி வீதியில போறெண்டா முன்னுக்கு மணியடிக்க ஒருத்தன் வேணும். இந்தா மணி.” சட்டைப் பையிலிருந்து பூசை மணியை எடுத்துக் காட்டினார்.

“மணி வேண்டாம்,” என்றார் ஒபீசர்.

“மணி இல்லாம ஏலாது.”

“மணி வேண்டாம்.”

கொச்சிக்காயர் ஏசவில்லை. கெஞ்சினார். அவர் கெஞ்சி நான் கண்டது அந்த ஒரு தரம்தான், அதனால்தான் எனக்கு அது இன்னும் ஆறவில்லை. யோகன் கதவுநிலையில் நின்று, “மாமா, நாளைக்கு வந்து அடிக்கிறன். கயிற விட்டு வையுங்க,” என்றான். பிறகு உள்ளே போனான்.

சுரூபத்தை வைக்கப் பலகை வேண்டும் என்றோம். விறாந்தையில் ஷெல் பட்டுக் கழன்று கிடந்த ஒரு வகுப்பறைக் கதவை எடுக்கச் சொன்னார்கள். நீலக் கதவு. அதைப் படுக்கப் போட்டு, காலுடைஞ்சானை அதில் நிறுத்தி, நாலு பேரும் நாலு மூலைக்குத் தோள் கொடுத்தோம். பிள்ளையார் கோயில்காரனான எனக்கு முன் வலது மூலை. கொச்சிக்காயர் அந்தக் கதவைத் தடவிப் பார்த்தார்.

“தான் வரல்ல. கதவ மட்டும் அனுப்பியிரிக்கான், கள்ளன்,” என்றார்.

சிங்களப் பொடியன் தலையைக் குனிந்து, “மாமா, சுறுக்காப் போங்க,” என்றான். நாங்கள் போனோம். யாரும் எங்களைத் திரும்பக் கூப்பிடவில்லை. கொச்சிக்காயர் முன்னால் நடந்தார். மணி அவர் கையில் இருந்தது. கோயில் வரைக்கும் அவர் அதை அடிக்கவில்லை, மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டே நடந்தார்.

அடுத்த நாள் விடிந்ததும் சரியான சாமியைக் கட்டிக்கொண்டு மறுபடியும் போனார். டிரக் முந்தின நாள் பின்னேரமே யோகனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்று வாசலில் சொன்னார்கள். பெரிய காம்பில் அப்படி ஒருவர் வரவே இல்லை என்று சொன்னார்கள். இங்கே அனுப்பினோம் என்கிறார்கள், அங்கே வரவில்லை என்கிறார்கள். நடுவில் ஒரு பிள்ளை எப்படி இல்லாமல் போவான்? ஒரு சாக்கு நெல் வழியில் குறைந்தால் பதில் சொல்ல ஆள் உண்டு. நான் அன்றைக்குக் கேட்டது இதைத்தான், இன்றைக்கும் கேட்கிறேன்.

கொச்சிக்காயர் அந்த நீலக் கதவைப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. தோளில் சுமந்துகொண்டு யோகனின் வீட்டுக்குப் போனார். அது அப்போது ஓலைவீடு, வாசலில் ஒரு கிடுகுத் தட்டி. அவர் தச்சுவேலை செய்கிற ஓடாவியைக் கூட்டிவந்து நிலை வைத்து, கதவை ஒரு பக்கம் சீவிப் பொருத்தினார். பூட்டுப் போடட்டுமா என்று ஓடாவி கேட்டார்.

“பூட்டு எதுக்கு? தட்டிறதுக்குத்தான் கதவு,” என்றார். “கிடுகில எப்பிடித் தட்டிற? அவன் வந்தா எதிலயாவது தட்ட வேணாமா?”

பிறகு கதவுச்சாமியைக் கொண்டுவந்து உள்ளே கதவுக்குப் பின்னால் நிறுத்தினார். ஊதாச் சீலையும் இல்லை, பெரிய சனியும் இல்லை. “இனிப் பீடம் கீடம் எல்லாம் இல்ல உனக்கு. இஞ்ச நில்லு. தட்டினா தொற. அவ்வளவுதான் வேல,” என்றார். தூக்கி வந்த அவசரத்தில் நிலையில் மோதித்தான் அந்த மூக்குப் போனது. அதற்கும் சாமிக்குத்தான் ஏச்சு.

சுரூபத்தைக் கேட்டுப் பங்குச் சுவாமி வந்தார். நல்ல மனிதர், ஆனால் கோயில் சாமான் கோயிலில் இருக்கவேண்டும் அல்லவா?

“சுவாமி, நீங்கதானே பிரசங்கத்தில சொன்னீங்க, இவன் கதவடியில நிண்டுதான் புனிதனானான் எண்டு,” என்றார் கொச்சிக்காயர். “பீடத்தில நிண்டா ஆனான்? இஞ்ச வேல கிடக்கு. வேல முடிஞ்சா அனுப்பிறன்.”

சுவாமி கதவைப் பார்த்தார். அடுப்படியில் நின்ற யோகனின் தாயைப் பார்த்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு அவர் கேட்கவே இல்லை.

எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கலியாணம் முடிந்து நாங்கள் அந்த வளவிலேயே கல்வீடு கட்டினபோது, கதவையும் சாமியையும் அப்படியே கொண்டுவந்தோம். கொச்சிக்காயர் வந்து மேற்பார்வை பார்த்தார். பிணைச்சல் சத்தம் போடுகிறது என்று ஏசினார். எண்ணெய் விட்டால், ஏன் விட்டாய், சத்தம் வந்தால்தானே யார் வந்தாலும் தெரியும் என்று ஏசினார்.

சண்டை முடிவதற்கு முன்னரே அவருக்கு நெஞ்சில் வருத்தம் வந்தது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் வைத்தோம். பார்க்கப் போனேன். கஞ்சி சரியில்லை, கட்டில் சரியில்லை, பக்கத்துக் கட்டில்காரர் குறட்டையில் சுருதி இல்லை என்று எல்லாவற்றையும் ஏசி முடித்துவிட்டுக் கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

“கதவு எப்பிடிக் கிடக்கு மனே?”

“பூட்டில்லாமத்தான் கிடக்கு மாமா.”

“ஆரு நிக்கிற?”

“சாமி நிக்கிறார்.”

“அவன நம்பாத,” என்றார். “நீயும் நில்லு.”

அவர் போனபோது கோயில் மணியை நான்தான் அடித்தேன், யோகனின் கைக்காக அவர் சீலை சுற்றி வைத்த அதே கயிற்றில்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான், மகள், உன்னுடைய புத்தகத்தில் அப்படி எழுதியிருந்ததைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. புனிதர் சாந்தமானவராக இருந்திருக்கலாம். அவருக்கு வேலை கொடுத்த மனிதரை நான் கண்டிருக்கிறேன், அவர் சாந்தமானவர் இல்லை. நீங்களும் சத்தம் போடாமல் இருக்கவேண்டியதில்லை. குடையை மட்டும் வேறு எங்கேயாவது கொழுவுங்கள், சாமிக்குக் கை வேலை இருக்கிறது.

நான் வீட்டில் இல்லாத நேரம் யாராவது தட்டினால் ஓடிப் போய்த் திறவுங்கள், யார் என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். திறக்கும்போது கொஞ்சம் ஏசிக்கொண்டே திறவுங்கள். ஒருவேளை யோகன் மாமாவாக இருந்தால், அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தான் சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.